பிள்ளைகளுக்கு நாம் காட்டும் தேவன்

(ஆஸ்பத்திரி ஆதரவாளர்களின் ஸ்தோத்திரக் கூடுகையில் ஆஸ்பத்திரிக் குருவானவர் ஆற்றிய உரை)



கடந்த வருஷம் முழுவதும் உங்கள் ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் இந்த ஊழியத்தைத் தாங்கி வந்தீர்கள். டாக்டர்கள், சிஸ்டர்கள், வார்டு உதவியாளர்கள், சமையற்கட்டில் கஞ்சி காய்ச்சுகிறவர்கள் எல்லார் சார்பிலும் உங்களுக்கு நன்றி சொல்லுகிறோம்.

பிள்ளைகளைக் கிறிஸ்தவ விசுவாசத்தில் வளர்ப்பதைப் பற்றிப் பேசும்படி எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். இதை ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் ஒருவர் பேசினால் பொருத்தமாக இருக்குமே, ஆஸ்பத்திரியில் இருக்கிறவர்களுக்கு இதில் என்ன அனுபவம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளை மனப்பாடம் பண்ணின வசனத்தைத் தப்பில்லாமல் ஒப்புவிக்கும், பரிசும் வாங்கும். அது நல்லதுதான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு வலி பொறுக்காமல் கட்டிலில் விழித்துக் கிடக்கும்போது, அதே பிள்ளை தன் மனதுக்குள் எந்தத் தேவனை வைத்திருக்கிறதோ அந்தத் தேவனைப் பற்றித்தான் பேசும். அந்தப் பேச்சைக் கேட்கிற இடத்தில் கர்த்தர் எங்களை வைத்திருக்கிறார். அங்கே நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளுகிறோம். பிள்ளைகளின் பெயரையும் ஊரையும் சொல்லவில்லை.

பயமுறுத்துவதற்கு ஒரு தேவனா?

பத்து வயதுப் பையன் ஒருவன் காலில் மாவுக்கட்டோடு எங்கள் பிள்ளைகள் வார்டில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓய்வுநாள் பள்ளிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, முருங்கை மரத்தில் சிக்கிய பட்டத்தை எடுக்க ஏறியிருக்கிறான். முருங்கைக் கிளையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிளை முறிந்தது, காலும் முறிந்தது. அவனுடைய ஆச்சி கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "கோயிலுக்குப் போகாம மரத்துல ஏறுனாம்லா, அதான் கர்த்தர் காலை முறிச்சிட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆச்சிக்குப் பேரன்மேல் உயிர். ராத்திரியெல்லாம் கண் விழித்து விசிறிக்கொண்டிருந்ததும் அவர்கள்தான்.

ஜெபித்துவிட்டு எழுந்தபோது பையன் எங்கள் கையைப் பிடித்தான். அடுத்த கட்டிலைக் கண்ணால் காட்டி, "ஐயா, அந்தப் பாப்பா என்ன தப்பு செஞ்சுது?" என்று மெதுவாகக் கேட்டான். அந்தக் கட்டிலில் எட்டு மாதக் குழந்தை. பிறக்கும்போதே இருதயத்தில் ஓட்டை. மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது.

அன்பானவர்களே, பிள்ளைகள் கணக்கில் கெட்டிக்காரர்கள். மரத்தில் ஏறினதற்குக் கால் முறிந்தது என்றால், இருதயத்தில் ஓட்டை விழ அந்தப் பாப்பா அதைவிடப் பெரிய தப்பு ஏதாவது செய்திருக்க வேண்டும். பெரியவர்கள் கொடுத்த கணக்கை அவன் அடுத்த கட்டிலுக்கும் போட்டுப் பார்த்தான். வரவில்லை.

யோவான் சுவிசேஷம் 9ஆம் அதிகாரத்தில் சீஷர்கள் பிறவிக் குருடனைப் பார்த்துக் கேட்டதும் இதே கேள்விதான். அவன் பாவமா, அவனைப் பெற்றவர்களுடைய பாவமா என்றார்கள். இரண்டும் இல்லை என்று நம்முடைய ஆண்டவர் சொன்னார். சொன்னதோடு விடவில்லை, குனிந்து சேறு உண்டாக்கி அவன் கண்களில் பூசினார். வியாதியைப் பார்த்து யாருடைய தப்பு என்று தேடாமல், செய்ய வேண்டிய வேலையைச் செய்தார். மிஷன் ஆஸ்பத்திரி என்ற ஒன்று இருப்பதே அவர் அப்படிச் செய்ததனால்தான்.

அந்தப் பையனிடம், "பாப்பா ஒரு தப்பும் செய்யவில்லை. நீ பொய் சொல்லிவிட்டுப் போனது தப்பு. அதை அப்பாவிடம் சொல்லி மன்னிப்புக் கேள். ஆனால் உன்னை இயேசு சுவாமி தள்ளிவிடவில்லை, முருங்கைக் கிளை உன் பாரத்தைத் தாங்கவில்லை, அவ்வளவுதான்" என்று சொன்னோம். ஆச்சியும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

தப்பைத் தப்பு என்று சொல்லக்கூடாது என்றோ, பிள்ளைகளைக் கண்டிக்கக்கூடாது என்றோ நாங்கள் சொல்லவில்லை. சிட்சையும் போதனையும் வேண்டும் என்று எபேசியர் 6:4 சொல்லுகிறது. ஆனால் பிள்ளைக்குக் கோபம் மூட்டக்கூடாது என்பதும் அதே வசனத்தில் இருக்கிறது. கொலோசெயர் 3:21, பிள்ளைகள் மனம் தளர்ந்துபோவார்கள் என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்லுகிறது. கண்டிப்பது தகப்பனுடைய, தாயினுடைய வேலை. அதை நாம் பொறுப்பாகச் செய்யாமல், சோறு ஊட்டும்போது பூச்சாண்டியைக் கூப்பிடுகிறோம், போலீஸ்காரரைக் கூப்பிடுகிறோம், கடைசியில் அதே வரிசையில் இயேசு சுவாமியையும் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறோம்.

ஓ.பி.யில் தினமும் பார்க்கிற ஒரு காரியம் உண்டு. "சேட்டை பண்ணினா டாக்டர்கிட்டச் சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்" என்று வீட்டில் மிரட்டி வைத்திருப்பார்கள். அந்தப் பிள்ளைக்கு உண்மையாகவே காய்ச்சல் வந்து இங்கே கொண்டுவந்தால், வெள்ளைக் கோட்டைக் கண்டதுமே வீறிட்டு அழும். வாயைத் திறந்து காட்டாது. தேவனைக் காட்டிப் பயமுறுத்தி வளர்த்த பிள்ளையும் இப்படித்தான். அதற்கு ஆறுதல் மிகவும் தேவைப்படும் நாளில் ஆறுதல் தருகிறவரைக் கண்டு பயந்து ஒளியும்.

வீட்டு ஜெபத்தில் கேள்விக்கு இடம் உண்டா?

இரண்டாவதாக, குடும்ப ஜெபத்தைப் பற்றி. 1528இல் மார்ட்டின் லுத்தர் சாக்சனி நாட்டுச் சபைகளைப் பார்வையிட்டபோது, ஜனங்களுக்குப் பரமண்டல ஜெபமும் பத்துக் கட்டளைகளும்கூடத் தெரியாமல் இருப்பதைக் கண்டு மனம் வருந்தினார். அடுத்த வருஷம், 1529இல், சிறிய ஞானோபதேசத்தை எழுதினார். அதன் பகுதிகளை ஒவ்வொரு வீட்டுத் தலைவனும் தன் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்க வேண்டும் என்றே எழுதி வைத்தார். கேள்வியும் பதிலுமாக அது அமைந்திருக்கிறது. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்க் ஐயரும் அந்தப் பாரம்பரியத்திலே வந்தவர்தான். நம்முடைய முன்னோர் வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்து வேதம் வாசித்த வழக்கத்துக்கு இப்படி ஒரு நீண்ட வேர் உண்டு.

இதற்கெல்லாம் மூலம் மோசேயின் காலத்திலேயே இருக்கிறது. உபாகமம் 6ஆம் அதிகாரத்தில், வீட்டில் இருக்கும்போதும் வழி நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்பும்போதும் பிள்ளைகளோடு தேவனுடைய வார்த்தையைப் பேசும்படி கட்டளை கொடுக்கப்படுகிறது. தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லவில்லை. அன்றாடம் நடக்கிற காரியங்களோடு சேர்த்துப் பேசச் சொல்லுகிறது. யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்திலோ, இந்த ஆராதனையின் அர்த்தம் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது பதில் சொல்லுங்கள் என்று இருக்கிறது. பஸ்கா ஆராதனைக்குள்ளேயே பிள்ளையின் கேள்விக்கு ஓர் இடம் வைக்கப்பட்டிருக்கிறது.

நம்முடைய வீடுகளில் எப்படி? ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், அப்பாவின் நீளமான ஜெபம், பாதியில் தூங்கி விழுகிற பிள்ளைக்குத் தலையில் ஒரு கொட்டு, பிறகு ஆமென். பிள்ளை வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டால், "ஜெப நேரத்துல என்ன பேச்சு?" என்கிறோம். கேட்காத கேள்வி பிள்ளையின் உள்ளத்திலேயே தங்கிவிடுகிறது. அதனால் என்ன ஆபத்து வரலாம் என்பதை இந்த வார்டில் கண்டோம்.

ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்குச் சிறுநீரகக் கோளாறு. முகமும் காலும் வீங்கிக்கொள்ளும். மருந்து கொடுத்தால் வடியும். சில மாதம் கழித்துத் திரும்ப வரும். இந்த நோய் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மருந்துக்குக் கட்டுப்படும், ஆனாலும் பலருக்குத் திரும்பத் திரும்ப வருகிற சுபாவம் உடையது என்று டாக்டர்கள் சொல்லுவார்கள். வளர வளர விட்டுப்போவதும் உண்டு. அந்தத் தாய் பக்தியுள்ளவர்கள். மகளை உற்சாகப்படுத்துவதற்காக, "நீ விசுவாசத்தோட ஜெபிச்சா வீக்கம் வரவே வராது" என்று சொல்லி வந்தார்கள். சிறுமியும் கருத்தாக ஜெபித்தாள். ஒரு நாள் வீக்கம் திரும்ப வந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. காலில் கொலுசு இறுகினபோது கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாள். தன்னுடைய விசுவாசம் போதவில்லை என்பது அம்மாவுக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்து, நாலு நாள் மறைத்து வைத்திருந்தாள். காய்ச்சலும் வயிற்று வலியும் சேர்ந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். இந்த நோயில் கிருமி தொற்றினால் உயிருக்கே ஆபத்து. இரண்டு நாள் டாக்டர்களுக்கும் நம்பிக்கை சொல்ல முடியவில்லை. கர்த்தருடைய கிருபையால் பிழைத்தாள்.

அவளோடும் தாயோடும் டாக்டரும் நாங்களும் உட்கார்ந்து பேசினோம். வீக்கத்துக்கும் விசுவாசத்துக்கும் சம்பந்தமில்லை, வியாதியின் சுபாவம் இது என்று டாக்டர் சொன்னார். பவுல் அப்போஸ்தலன் தன் முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை என்பதை நாங்கள் வாசித்துக் காட்டினோம். சிறுமி கேட்டாள்: "அப்போ பவுலுக்கு விசுவாசம் கம்மியா?" தாய்க்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது. அதன் பிறகு அந்த வீட்டு ஜெபமே மாறியது. வீக்கம் வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டவரே எங்களோடு இரும் என்று அந்தத் தாய் ஜெபிக்கத் தொடங்கினார்கள். மாத்திரை போடும் நேரத்தில் இருவரும் சேர்ந்து ஸ்தோத்திரம் சொல்லுவார்களாம். காலையில் கால் வீக்கத்தை அழுத்திப் பார்ப்பது மகளுடைய வேலை, மறைக்காமல் சொல்லுவதும் மகளுடைய வேலை.

ஜெபத்தைக் கேட்கிற தேவன் நமக்கு இருக்கிறார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுவோம். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் நாம் கேட்டபடியே நடக்காத ஜெபங்களும் வேதத்தில் உண்டு, கெத்செமனேயில் நம்முடைய ஆண்டவர் பண்ணின ஜெபமே அதற்குச் சாட்சி என்பதையும் மறைக்காமல் சொல்லுவோம்.

துக்க வீட்டிலும் இதே கவனம் வேண்டும். பிள்ளை இறந்துபோன வீட்டில், கர்த்தர் தமக்குப் பிரியமான பூவைப் பறித்துக்கொண்டார் என்று சொல்லுவது நம்மிடையே வழக்கம். பெரியவர்களுக்கு அது ஆறுதலாக இருக்கலாம். பக்கத்தில் நிற்கிற தம்பி தங்கைகளை யார் பார்க்கிறோம்? அண்ணனைப் பறிகொடுத்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி திடீரென்று சொற்பேச்சுக் கேட்காமல் அடம்பிடிக்கத் தொடங்கினாள். விசாரித்தபோது, "அண்ணன் நல்ல பையன்னுதானே சாமி எடுத்துக்கிட்டாரு?" என்றாள். நல்ல பிள்ளையாக இருக்கப் பயந்திருக்கிறாள். லாசருவின் கல்லறையண்டையில் நம்முடைய ஆண்டவர் பூவைப் பற்றிப் பேசவில்லை, அழுதார். அண்ணன் போனதற்காக இயேசு சுவாமியும் நம்மோடு அழுகிறார், அவன் அவரிடத்தில் பத்திரமாக இருக்கிறான், உன்னைப் பறிக்க அவர் காத்திருக்கவில்லை என்று பிள்ளைக்குச் சொல்லலாம். அதுவே சத்தியம்.

தட்டினால் திறக்கிற வீடு

மூன்றாவதாக, பிள்ளைகள் நம் வாயைக் கேட்பதைவிட நம் கையைப் பார்க்கிறார்கள். இதற்கு நம்முடைய மருத்துவ ஊழியத்தின் சரித்திரத்திலேயே நல்ல சாட்சி உண்டு. 1819இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு யாழ்ப்பாணத்துக்கும், பின்பு சென்னைக்கும் வந்து வைத்தியமும் சுவிசேஷமும் ஊழியமாகச் செய்தவர் டாக்டர் ஜான் ஸ்கடர். அவருடைய குமாரரும் மிஷனெரிகளானார்கள். அவர்களில் ஒருவருடைய மகள்தான் ஐடா ஸ்கடர். 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தார். சிறு வயதில், 1876ஆம் வருஷம் தொடங்கிய பெரும் பஞ்சத்தில், பட்டினியால் வாடிய பிள்ளைகளைத் தம் கண்ணால் பார்த்தார்.

இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தும், மிஷனெரியாக வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இல்லை. அமெரிக்காவில் படித்தார், அங்கேயே வாழ நினைத்தார். தாயார் சுகவீனமானதால் 1890இல் திண்டிவனத்துக்கு வந்தார். சில நாள் உதவி செய்துவிட்டுத் திரும்பிவிட எண்ணித்தான் வந்தார். ஒரு ராத்திரியில் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூவருடைய மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஆண் டாக்டர் வந்து பார்ப்பதை அந்நாளைய வழக்கம் அனுமதிக்கவில்லை; ஐடாவோ வைத்தியம் படித்தவர் அல்ல. விடிந்தபோது மூன்று தாய்மாரும் இறந்துபோயிருந்தார்கள். வைத்தியம் படிக்கப் போவதாக ஐடா பெற்றோரிடம் சொன்னார். 1899இல் டாக்டர் பட்டம் பெற்று 1900இல் வேலூருக்கு வந்தார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். பின்பு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

நாம் கவனிக்க வேண்டியது என்ன? தாத்தா மிஷனெரி, தகப்பனார் மிஷனெரி என்பதனால் பிள்ளைக்குத் தானாக அழைப்பு வந்துவிடவில்லை. அழைப்பு கர்த்தருடையது. பெற்றோரால் அதைக் கொடுக்க முடியாது. ஆனால் ஒன்று அவர்களால் முடிந்தது. ஜாதி, மதம் பார்க்காமல் துன்பத்தில் இருக்கிறவர்கள் நடுராத்திரியிலும் வந்து தட்டக்கூடிய வீடாக அவர்கள் தங்கள் வீட்டை வைத்திருந்தார்கள். அந்த வீட்டில் இருந்ததால்தான் அந்தச் சத்தம் அந்தப் பெண்ணின் காதில் விழுந்தது.

நம் வீட்டுக் கதவை யார் தட்டுகிறார்கள்? தட்டும்போது பிள்ளைகளுக்கு முன்பாக நாம் என்ன சொல்லுகிறோம்? சோறு பொங்க அரிசி எடுக்கும்போது ஒரு கைப்பிடி தனியாக எடுத்து வைக்கிற வழக்கம் நம் தாய்மாருக்கு இருந்தது. சபைகளும் ஊழியங்களும் அந்தக் கைப்பிடி அரிசியால் தாங்கப்பட்டன. பக்கத்தில் நின்று அதைப் பார்த்த பிள்ளைக்கு, நம் பானையில் மற்றவர்களுக்கும் பங்கு உண்டு என்பது பிரசங்கம் இல்லாமலே விளங்கிற்று. இன்று காணிக்கை பாங்க் மூலமாகப் போகிறது, போன் மூலமாகப் போகிறது. நல்லதுதான், நாங்களும் அப்படித்தான் பெற்றுக்கொள்ளுகிறோம். ஆனால் அது பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

வழி விலகின பிள்ளைகளுக்காக

கடைசியாக ஒரு வார்த்தை. இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் சிலர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தீர்கள். ஜெபித்தீர்கள், முன்மாதிரியாக நடந்தீர்கள். ஆனாலும் பிள்ளை இன்று ஆலயத்துக்கு வருவதில்லை. இப்படிப்பட்ட பேச்சைக் கேட்கும்போது உங்கள் உள்ளம் குத்துண்டு போகும். உங்களைக் குற்றப்படுத்த நாங்கள் வரவில்லை. ஏலியின் குமாரர் ஆசரிப்புக் கூடாரத்தண்டையிலேயே வளர்ந்தும் கெட்டுப்போனார்கள். அவர்களை அடக்காமல் விட்ட குற்றம் ஏலிக்கு உண்டு. ஆனால் அதே இடத்தில் வளர்ந்து தீர்க்கதரிசியான சாமுவேலுக்கும் பிள்ளைகள் வழி விலகினார்கள் என்று 1 சாமுவேல் 8ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மறுபக்கத்தில் தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன். பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் கொடுத்த விசுவாசத்தில் அவன் வளர்ந்தான். விசுவாசம் நிலம் வீடு மாதிரி எழுதி வைத்துவிட்டுப் போகக்கூடிய சொத்து அல்ல.

மோனிக்கா அம்மையார் மகன் அகுஸ்தீனுக்காகப் பல வருஷம் கண்ணீரோடு ஜெபித்தார். 387இல் மிலான் பட்டணத்தில் அவர் ஞானஸ்நானம் பெற்றபோது அவருக்கு முப்பது வயதுக்கு மேல். அதே வருஷத்தில் அம்மையார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பிள்ளை வளர்ந்துவிட்டது, இனி என்ன என்று சொல்ல வேண்டாம். எங்கள் பெரியவர்கள் வார்டிலும், நாற்பது வயதில், ஐம்பது வயதில், சிறு வயதில் அம்மா சொல்லிக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை உதடு நடுங்கத் திரும்பச் சொல்லுகிறவர்களைப் பார்க்கிறோம். நீங்கள் விதைத்தது எங்கே, எப்போது முளைக்கும் என்பது உங்களுக்குத் தெரியாது. சில வேளை எங்களுக்குத் தெரிய வருகிறது. அதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றிருந்தோம்.

பிரியமானவர்களே, இன்று வீட்டுக்குப் போனபின் மூன்று காரியங்களைச் செய்யும்படி அன்போடு கேட்டுக்கொள்ளுகிறோம். ஒன்று, இன்று ராத்திரி குடும்ப ஜெபத்தைச் சுருக்கமாக முடித்து, பிள்ளைகள் கேட்க நினைக்கிறதைக் கேட்க விடுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், சேர்ந்து வேதத்தில் தேடுங்கள். இரண்டு, பெயர் தெரியாத ஒரு நோயாளிப் பிள்ளைக்காகத் தங்கள் சொந்த வார்த்தையில் ஜெபிக்கும்படி அவர்களைக் கேளுங்கள். அந்தப் பிள்ளை கிறிஸ்தவப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எங்கள் வார்டில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில்தான் படுத்திருக்கிறார்கள். மூன்று, இந்த ஊழியத்துக்கு நீங்கள் கொடுப்பதில் ஒரு சிறு பங்கையாவது பிள்ளையின் கையில் கொடுத்து, அது யாருக்காகப் போகிறது என்று சொல்லி உண்டியலில் போடச் சொல்லுங்கள். தொகை முக்கியமல்ல.

சிறு பிள்ளைகளை அணைத்து, கைகளை வைத்து ஆசீர்வதித்த நம்முடைய ஆண்டவர் உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும், எங்கள் வார்டில் இந்த ராத்திரி விழித்திருக்கிற பிள்ளைகளையும் தம்முடைய கரத்தில் காத்துக்கொள்வாராக. ஆமென்.